கார்செட் டாப் மாலை விருந்துக்கு மட்டும்தானா?

2024 அக்டோபர் 6, கேள்வி

லண்டனில் அலுவலக வேலை பார்க்கிறேன். மார்பையும் இடையையும் இறுக்கிப் பிடிக்கும்படி உள்ளே எஃகுப் பட்டைகள் வைத்துத் தைத்த, தோள்பட்டை இல்லாத கறுப்புச் சாட்டின் கார்செட் டாப் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது மாலை விருந்துக்கு மட்டுமே உரியது, பகலில் அணிந்தால் நாடக வேடம் போலத் தோன்றும் என்று என் தோழி உறுதியாகச் சொல்கிறாள். நவம்பரில் வரும் ஒரு திருமண வரவேற்புக்கும் அதையே அணிய எண்ணியிருக்கிறேன். ஒரே டாப் இரண்டுக்கும் பொருந்துமா?

அக்டோபர் 6, இரவு

பொருந்தும். நான் இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக அப்படித்தான் அணிந்து வருகிறேன்.

உங்கள் தோழியின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. கார்செட் டாப் அணிகிறவர்களில் பலர் அதனுடன் இறுக்கமான தோல் பேன்ட், லேஸ் கையுறை, உயர்குதிக் காலணி, பெரிய காதணி என்று கவனத்தை ஈர்க்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துவிடுகிறார்கள். உடலின் மேல்பாதிக்கு ஒரு வடிவத்தைத் தானே கொடுத்துவிடும் உடை அது. அதைச் சுற்றியுள்ள மற்றவை தளர்வாகவோ அமைதியாகவோ இருந்தால்தான் அந்த வடிவம் கண்ணுக்குத் தெரியும்.

எனக்குப் பயன்பட்ட வழி இதுதான்: டாப்பின் கீழ்விளிம்பு உடலில் எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பார்த்துக் கீழாடையைத் தேர்ந்தெடுங்கள், மேல்விளிம்புக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள பகுதியை மூடுகிறீர்களா திறந்து விடுகிறீர்களா என்பதைக் கொண்டு பகலையும் மாலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். டாப்பை மாற்ற வேண்டியதில்லை.

அக்டோபர் 7

பகலில் அணிய முதலில் ஒரு சட்டையை எடுங்கள். மெல்லிய வெள்ளைப் பாப்ளின் சட்டையை அணிந்து, அதன் மேல் கார்செட் டாப்பை அணிந்து பாருங்கள். இது அண்மைக்கால இளைஞர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெண்கள் கார்செட்டை வெறும் உடம்பின் மீது அணியவில்லை. துவைக்கக்கூடிய மெல்லிய லினன் அல்லது பருத்தி உள்ளாடையைப் போட்டு, அதன் மேல்தான் கார்செட்டைக் கட்டினார்கள். வியர்வையும் எண்ணெயும் அந்த உள்ளாடையில் தங்கிவிடும். எளிதில் துவைக்க முடியாத கார்செட் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே சட்டைக்கு மேல் கார்செட் அணிவது பழைய முறைக்கு மிக நெருக்கமானது, உடம்புக்கும் இதமானது. சாட்டினின் பளபளப்பும் வெள்ளைப் பருத்தியின் அருகே பாதியாக அடங்கிவிடுகிறது.

அக்டோபர் 7, சற்றுப் பின்னர்

எந்தச் சட்டையும் சரிவராது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு போன்ற தடித்த துணியாக இருந்தால் கார்செட்டுக்குள் மடிந்து, வெளியிலிருந்து பார்த்தால் வரிவரியாகத் தெரியும். உடம்போடு ஒட்டிய அளவில், இடுப்பில் மடிப்பு விழாதபடி நீளமாக இருக்கும் சட்டையே நல்லது. மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டு, கைகளை முழங்கைக்குக் கீழே வரை மடித்தால் இறுக்கம் குறையும். சட்டையின் தோள் சற்று அகலமாக இருந்தால் தவறில்லை. அந்த அகலம் இடையைச் சிறிதாகக் காட்டும். குளிர் தொடங்கியபின் மெல்லிய மெரினோ கம்பளியில் கழுத்து மூடிய ஸ்வெட்டர் இதே வேலையைச் செய்யும். கறுப்பின் மேல் கறுப்பாக அணிந்தால் கார்செட் தனித்துத் தெரியாமல் அதன் தையல் கோடுகள் மட்டும் தெரியும். அலுவலகத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த அணிமுறை அதுதான்.

அக்டோபர் 9

இப்போது கீழாடை. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கார்செட் டாப்புகளின் கீழ்விளிம்பு பொதுவாக மூன்று இடங்களில் ஒன்றில் முடியும். சில நேராக இடுப்புக் கோட்டில் முடியும். சில முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே கூராக இறங்கிப் பக்கவாட்டில் ஏறும். சில இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கும். முதல் வகைக்கு உயரமான இடுப்புப் பட்டி கொண்ட பேன்ட் மிகவும் பொருந்தும், ஆனால் பேன்டின் பட்டி டாப்புக்கு வெளியே, மேலே வர வேண்டும். டாப்பின் விளிம்பைப் பேன்டுக்கு மேல் விட்டால் பட்டி, பொத்தான், ஜிப், டாப்பின் விளிம்புத் தையல் எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்து வயிற்றின் மேல் ஒரு மேட்டை உண்டாக்கும். இரண்டாம் வகைக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கூரான முனை வெளியே தெரிவதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள். ஆகவே பட்டி இல்லாத, பக்கவாட்டில் ஜிப் வைத்த தட்டையான பாவாடையோ பேன்டோ அதற்குக் கீழே போக வேண்டும். மூன்றாம் வகையை அணிந்துகொண்டு உட்கார்ந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. கீழ்முனைகள் தொடையில் முட்டி, டாப் முழுவதையும் மேலே தள்ளும், மார்புக் கப்புகள் முகவாயை நோக்கி ஏறும்.

பேன்டின் கால் அகலமாகவோ நேராகவோ இருக்கட்டும். மேலே இறுக்கமும் கீழே இறுக்கமும் சேர்ந்தால் உருவம் ஒரே கோடாகிவிடுகிறது, கார்செட் கொடுக்கும் வளைவு வீணாகிறது. இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் சான்று பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரியில் பாரிஸில் காட்டிய 'பார்' உடை. தந்த நிறப் பட்டு ஜாக்கெட்டின் இடுப்புக்குக் கீழே உள்ளே பஞ்சுத் திணிப்பு வைத்து அகலப்படுத்தி, அதன் கீழே மடிப்பு நிறைந்த கறுப்புப் பாவாடையை விரித்திருந்தார்கள். இடையை இறுக்கியது பாதி வேலைதான். அதற்குக் கீழே அகலத்தைச் சேர்த்தது மறுபாதி. அகலமான பேன்டும் முழங்காலைத் தாண்டி விரியும் பாவாடையும் நமக்கு அந்த இரண்டாம் பாதியைச் செய்துகொடுக்கின்றன. ஆகவே கயிற்றை மேலும் இழுத்துக் கட்ட வேண்டிய தேவையே வராது.

கயிறு பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூச்சை ஆழமாக இழுக்க முடியாத அளவுக்கு எந்தக் கார்செட் டாப்பையும் கட்டாதீர்கள். முதுகுப்புறக் கயிற்றின் இரண்டு ஓரங்களும் மேலிருந்து கீழ்வரை சம இடைவெளியில் இணையாக நிற்க வேண்டும். நடுவில் மட்டும் அகன்றோ குறுகியோ நின்றால் அந்த டாப்பின் வெட்டு உங்கள் உடம்புக்கு உரியதல்ல என்று பொருள். இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

அக்டோபர் 10

நேற்று எழுதியது உயரம் குறைந்தவர்களுக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது சரி. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடல் குட்டையாக இருப்பவர்கள் உயர்ந்த பட்டி கொண்ட பேன்டைக் கார்செட்டுக்கு மேல் ஏற்றினால் மேலுடல் இன்னும் குட்டையாகத் தெரியும். அவர்களுக்கு இடுப்பிலேயே முடியும் டாப்பும், அதே நிறத்தில் நடுத்தர உயரப் பட்டியுள்ள பேன்டும் நல்லது. நிறம் ஒன்றாக இருந்தால் கண் எங்கும் நிற்காமல் மேலிருந்து கீழ்வரை ஓடும்.

அக்டோபர் 13

நேற்று சனிக்கிழமை லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் உள்ள வாலஸ் காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அனுமதி இலவசம். நாம் பேசிக்கொண்டிருப்பதற்கும் அங்கே ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1740களில் வரைந்த, உறங்கும் இடைச்சியை மேய்ப்பன் ஒருவன் நின்று பார்க்கும் ஓவியம் அங்கே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தமது 1990ஆம் ஆண்டின் 'போர்ட்ரெய்ட்' தொகுப்பில் அந்த ஓவியத்தையே கார்செட்டின் முன்பக்கத்தில் அச்சிட்டார். அந்தக் கார்செட் ஒன்றை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

வெஸ்ட்வுட் கார்செட்டை வெளியாடையாகக் கொண்டுவந்தது அதற்கும் முன்பு, 1987ஆம் ஆண்டின் 'ஹாரிஸ் ட்வீட்' தொகுப்பில். தொகுப்பின் பெயரைக் கவனியுங்கள். ஹாரிஸ் ட்வீட் என்பது ஸ்காட்லாந்தின் தீவுகளில் நெய்யப்படும் முரட்டுக் கம்பளித் துணி, மழையிலும் சேற்றிலும் நடப்பவர்களின் கோட்டுத் துணி. கார்செட் வெளியே வந்த நாளிலேயே அதன் அருகில் நின்றது அன்றாட உழைப்புக்கான ஒரு துணிதான். பகலில் அணிந்தால் வேடம் போலிருக்கும் என்று சொல்லும் தோழியிடம் நீங்கள் இதைச் சொல்லலாம். எனக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தியாகப் படவில்லை. சாட்டின் கார்செட்டின் மேல் சொரசொரப்பான, தோள் அகன்ற கம்பளிப் பிளேசரை அணியும்போதெல்லாம் அந்தச் சேர்க்கை எவ்வளவு சரியானது என்று தோன்றுகிறது. வழுவழுப்பும் முரடும் சேர்ந்தால் இரண்டுமே அழகாகின்றன.

வெஸ்ட்வுட்டின் கார்செட்டுகள் முதுகில் ஜிப்பும் பக்கங்களில் இழுபடும் துணியும் கொண்டவை. பழைய கார்செட்டைப் போல இன்னொருவர் பின்னால் நின்று கயிறு கட்ட வேண்டியதில்லை, அணிந்தபடி நடக்கலாம், நடனமாடலாம். அன்றாடத்துக்கு ஒன்று வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும்: தனியாக அணிய முடிகிறதா, பக்கவாட்டில் சிறிதளவேனும் இழுபடுகிறதா.

அக்டோபர் 14

பட்டைகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

விலை குறைந்த டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. உடல் சூட்டில் அது மெல்ல மெல்ல வளைந்து, இடுப்பில் மடிந்த இடத்தில் நிரந்தர மடிப்பாக நின்றுவிடும். எஃகில் இரண்டு வகை உண்டு. தட்டையான பட்டை முன்னும் பின்னும் மட்டுமே வளையும்; ஆகவே நேரான இடங்களில், முன்நடுவிலும் முதுகுக் கயிற்றுத் துளைகளின் ஓரத்திலும் அதை வைப்பார்கள். சுருள்கம்பியைத் தட்டி நீட்டியது போன்ற பட்டை பக்கவாட்டிலும் வளையும் என்பதால் மார்பையும் இடுப்பையும் சுற்றி வளைந்து செல்லும் தையல்களுக்கு அது உரியது. முன்காலத்தில் இந்த வேலையைச் செய்தது திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த நார்த் தகடு. முன்பக்கத்தில் கொக்கியும் குமிழும் கொண்டு திறந்து மூடும் இரட்டை எஃகுத் தகட்டுக்குப் பிரான்சில் 1829இல் காப்புரிமை பெற்றார்கள். பெண்கள் பிறர் உதவியின்றித் தாமே கார்செட்டைக் கழற்ற அது வழிசெய்தது.

கடையில் சோதிக்க எளிய வழி: மேல்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். பட்டையின் முனை துணியைக் குத்திக்கொண்டு நின்றால் அதன் நீளம் தையல் குழாயை விட அதிகம், சில மாதங்களில் வெளியே வந்து அக்குளைக் கீறும். முனைக்கும் விளிம்புத் தையலுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாட்டினுக்குப் பின்னால் இழுபடாத, அடர்த்தியாக நெய்த பருத்தித் துணி ஒரு அடுக்காவது இருக்க வேண்டும். சாட்டினுக்குப் பின்னால் வெறும் பாலியெஸ்டர் லைனிங் மட்டும் இருந்தால் பட்டைகளின் இழுப்பைச் சாட்டினே தாங்க வேண்டிவரும், தையலோரத்தில் இழைகள் விலகிவிடும்.

எஃகோ பிளாஸ்டிக்கோ, பட்டையின் எண்ணிக்கையைச் சொல்லி விற்பவர்களை அதிகம் நம்ப வேண்டாம். எந்தத் தையலில் வைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

அக்டோபர் 19

மாலைக்கு வருவோம்.

அலுவலகத்திலிருந்து நேரே போகிறவர் சட்டையைக் கழற்றினாலே பாதி மாறிவிடும். தோளும் கழுத்தும் திறந்தபின் டாப்பின் மேல்விளிம்பு முழு உடையின் முதல் கோடாகிறது. நேரான விளிம்பாக இருந்தால் கழுத்தை ஒட்டிய முத்துச்சரம் அழகு. இதய வடிவில் வளைந்த விளிம்பாக இருந்தால் கழுத்தை வெறுமையாக விட்டுக் காதில் மட்டும் கனமாக அணிவது எனக்குப் பிடிக்கும். வளைவுக்கு மேல் இன்னொரு வளைவாக மாலை தொங்கினால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கின்றன. முதுகில் கயிறு இருந்தால் கூந்தலை மேலே தூக்கிக் கட்டுங்கள். அவ்வளவு உழைப்பு செலுத்திய கயிற்றை முடியால் மூடக் கூடாது.

தோள்பட்டை இல்லாத டாப்பை அணிந்தவர் இரவு முழுவதும் அதை மேலே இழுத்துக்கொண்டே இருந்தால் எந்த அலங்காரமும் நிற்காது. இதைத் தீர்ப்பது உள்ளே தெரியாமல் இருக்கும் ஒரு இடுப்பு நாடா. இழுபடாத கெட்டி நாடாவை டாப்பின் உள்பக்கம் இடுப்புக் கோட்டில் சில தையல்களில் மட்டும் பிடித்து, முனைகளில் கொக்கி வைத்து, வெளி ஜிப்பை மூடுவதற்கு முன் அதை முதலில் மாட்ட வேண்டும். டாப்பின் எடை மார்பிலிருந்து நீங்கி இடுப்பில் அமர்ந்துவிடும். உயர்ந்த மாலை ஆடைகளில் இதை நெடுங்காலமாகவே வைத்துத் தைக்கிறார்கள். உங்கள் டாப்பில் இல்லையென்றால் ஒரு நல்ல தையற்காரர் குறைந்த நேரத்தில் வைத்துவிடுவார். மேல்விளிம்பில் ஒட்டும் சிலிகான் பட்டை வைப்பதும் உண்டு, ஆனால் சிலருக்கு அது தோலில் தடிப்பை உண்டாக்கும். நான் நாடாவையே பரிந்துரைப்பேன்.

கீழே தரையைத் தொடும் பாவாடையா, அகன்ற சாட்டின் பேன்டா என்பது உங்கள் விருப்பம். டாப்பைப் போலவே பளபளக்கும் சாட்டினாக இருந்தால் இரண்டு கறுப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விளக்கொளியிலும் பகலொளியிலும் பார்த்துவிடுங்கள். வேறுபட்ட கறுப்புகளைச் சேர்ப்பதை விட வெல்வெட், கம்பளி என்று வேறு துணிக்குப் போவது மேல்.

அக்டோபர் 20

வரவேற்பு நம்மவர் வீட்டுத் திருமணம் என்றும், சேலைக்கு ரவிக்கையாக இதை அணியலாமா என்றும் நீங்கள் இடையில் கேட்டதை இப்போதுதான் படித்தேன். இது தனியாகவே பேச வேண்டிய செய்தி.

அணியலாம். முதலில் தீர்க்க வேண்டியது முந்தானை. தோள்பட்டை இல்லாத டாப்பில் முந்தானையை ஊக்கு குத்தி நிறுத்த இடமே கிடையாது. வெறும் தோளில் பட்டு நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். சாட்டினில் நேராக ஊக்குக் குத்தினால் துளை நிரந்தரமாகிவிடும். இடப்பக்கத் தோளுக்கு மட்டும் டாப்பின் அதே துணியில் மெல்லிய பட்டை ஒன்றைத் தைக்கச் சொல்லுங்கள், அல்லது மேல்விளிம்பின் உள்பக்கம் இரண்டு சிறு துணி வளையங்கள் வைத்து அவற்றில் முந்தானையைப் பிடிக்கச் சொல்லுங்கள். என் தேர்வு தோள்பட்டைதான். மூத்தவர்களை வணங்கக் குனியும்போதும் கவலை இருக்காது.

அடுத்தது உள்பாவாடை. டாப் இடுப்பில் முடிந்து, உள்பாவாடையை வழக்கம்போல் தொப்புளுக்குக் கீழே கட்டினால் நடுவில் தெரியும் வயிற்றுப் பகுதி, கார்செட்டின் அழுத்தத்துக்குக் கீழே சற்றுப் பிதுங்கித் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான், உடம்பில் குறை இல்லை. உள்பாவாடையை உயர்த்தி, டாப்பின் விளிம்புக்கு உள்ளே செல்லும்படி கட்டி, கொசுவத்தை அங்கே செருகினால் கோடு தொடர்ச்சியாகிவிடும். நாடா வைத்த உள்பாவாடை இடுப்பைச் சுற்றித் தடிக்கும் என்பதால், மீன்வால் போல் வெட்டிய இழுபடும் உள்பாவாடை இதற்கு ஏற்றது.

முந்தானை முன்பக்கத்தில் பாதிக்கு மேல் மறைத்துவிடும். ஆகவே கார்செட்டின் முன்வேலைப்பாடு தெரிய வேண்டுமென்றால் முந்தானையை ஒற்றை விரிப்பாக விடாமல் ஒடுக்கமாக மடித்துக் குத்துங்கள். கனமான காஞ்சிபுரப் பட்டுச் சேலையை இந்தக் கறுப்புச் சாட்டினுடன் நான் சேர்க்க மாட்டேன். அந்தச் சேலைக்கு அகன்ற கரையே கட்டமைப்பு, கார்செட்டுக்குப் பட்டைகள் கட்டமைப்பு. இரண்டும் கண்ணைத் தம்பக்கம் இழுக்கும். கரை இல்லாத மென்பட்டோ ஷிஃபானோ உடம்பில் வழிந்து விழுந்து, மேலே உள்ள விறைப்பை நன்றாகக் காட்டும்.

பழைய பட்டுச் சேலையை வெட்டிக் கார்செட் தைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மடித்து மடித்து வைத்த கோடுகளில் பட்டும் ஜரிகையும் இற்றுப்போயிருக்கும். அந்த இடங்களை விலக்கி வெட்டி, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் கெட்டிப் பருத்தித் துணியை இணைத்துத் தைத்தால் தாங்கும். அம்மாவின் கூறைச் சேலையாக இருந்தால் வெட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அக்டோபர் 22

நவம்பர் குளிருக்கு மேலே என்ன அணிவது: நேராக விழும் நீளக் கம்பளிக் கோட்டு. இடையில் பெல்ட் கட்டும் கோட்டு கார்செட்டின் மேல் சுருங்கிச் சாட்டினைத் தேய்க்கும்.

நவம்பர் 3

வரவேற்பு நன்றாக முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தோள்பட்டை வைத்துத் தைத்ததும் உதவியிருக்கிறது. இனிப் பராமரிப்பு.

இயந்திரத்தில் போடக் கூடாது, நீரில் ஊறவைக்கவும் கூடாது. எஃகு துருப்பிடித்தால் அந்தக் கறை லைனிங்கைத் தாண்டிச் சாட்டினுக்கு வரும். அணிந்த அன்றிரவே கயிற்றை முழுவதும் தளர்த்தி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நாற்காலியின் முதுகில் விரித்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். அக்குளிலும் மேல்விளிம்பிலும் படிந்த பவுடரையும் வியர்வையையும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சுருக்கம் இருந்தால் உள்பக்கத்திலிருந்து நீராவி காட்டுங்கள். சூடான இஸ்திரிப்பெட்டியைப் பட்டையின் மேல் வைத்தால் அதன் தடம் சாட்டினில் பதிந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாள் அணியாதீர்கள். இடையில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும்.

புதிதாகத் தைத்த தோள்பட்டையை இப்போது பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்க வேண்டாம். அதன் மேல்முனையில் சிறு கொக்கி வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள். பகலில் சட்டையின் மேல் அணியும்போது அதை உள்ளே மடித்துவிடலாம். அடுத்த சேலைக்கு மறுபடியும் தேவைப்படும்.